பின்னந்தலையில் ஒரு படி

அமீரகத்து ராஸ் அல் கைமாவில் கல் உடைக்கும் மலைகளுக்கும் டைல்ஸ் கம்பெனிக்கும் நடுவே ஒரு கடைத்தெரு இருக்கிறது. அங்கே ஆண்கள் சலூனுக்குள் ஒரு பெண் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைப் பாண்டித்துரை பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக அன்றைக்குப் பார்த்தான். பெஞ்சில் சாய்ந்து கிடந்த நாலு பேரும் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாதி முகத்தில் நுரையோடு இருந்தவன் போர்த்தியிருந்த துணியைத் தாடை வரைக்கும் இழுத்துக்கொண்டான். யாரோ டிவியை அணைத்தார்கள்.

வந்தவள் மஹதி. டைல்ஸ் கம்பெனி இன்ஜினியர் சதீஷ்குமாரின் மனைவி, கோயம்புத்தூர்க்காரி. துணிப்பையிலிருந்து பூசணிக்காய் அளவுக்கு ஒன்றை எடுத்துக் காலி நாற்காலியில் வைத்தாள். கறுப்பும் பழுப்பும் கலந்த நூலால் செய்த ஒரு தலை. தலையென்றால் பின்னந்தலை மட்டும். பிடரி, இரண்டு காது ஓரம், கொஞ்சம் கழுத்து.

"அண்ணா, இதுக்குக் கொஞ்சம் முடி வெட்டணும்," என்றாள்.

"மெஷினா, கத்தரியா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டுப் பாண்டித்துரை நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதைத்தாண்ணா உங்ககிட்டக் கேக்க வந்தேன்."

அவள் விளக்கினாள். ஆள் உயரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, பின்பக்கம் நின்று நூல் துப்பாக்கியால் சுட வேண்டும். முன்பக்கம் நூல் அடர்த்தியாக எழுந்து நிற்கும். பின்னால் பசை தடவிக் காயவிட வேண்டும். இப்படிச் செய்ததைத் தரையில் போட்டால் கம்பளம், சுவரில் மாட்டினால் கலை. இவள் செய்வது சுவரில் மாட்டுகிற வகை. சுட்டு முடித்த பிறகு நூலைச் செதுக்க வேண்டுமாம், அங்கேதான் சிக்கல்.

"நான் வெட்டினா புல் வெட்டின மாதிரி இருக்குண்ணா. தலை மாதிரி இல்ல."

பாண்டித்துரை மெஷினுக்கு இரண்டாம் நம்பர் சீப்பை மாட்டினான். காது ஓரத்தில் குறைத்து, மேலே போகப்போகக் கூட்டி, பிடரியில் கரைத்துவிட்டான். பெஞ்சிலிருந்தவர்களுக்கும் தைரியம் வந்து, கிருதாவை இன்னும் கொஞ்சம் ஏற்று, இல்லை அதுவே போதும் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். முடிந்ததும் அவன் கை தானாகப் போய்க் கழுத்தில் பவுடர் போட்டுவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மஹதி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தேடின பொருள் கிடைத்தவள் போல அந்தத் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"இதே மாதிரி இன்னும் பதினொண்ணு இருக்குண்ணா. வீட்டுக்கு வரணும்."

சலூன் மதியம் ஒரு மணிக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். மறுநாள் அந்த இடைவெளியில் பாண்டித்துரை மெஷின் பையோடு மஹதி வீட்டுக்குப் போனான். ஹாலில் சோபாவெல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. சுவர் முழுக்க ஒரே நூல் ஓவியம். கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து மஹதி எடுத்த ஃபோட்டோவைப் பார்த்துச் செய்தது: சீட்டு வரிசைகள், ஜன்னலில் மொட்டை மலை, டூட்டிக்குப் போகிற பதினோரு பேரின் பின்னந்தலைகள். எவனுக்கும் முகம் கிடையாது.

முகம் எதற்கு? பாண்டித்துரை பதினான்கு வருஷமாக மனிதர்களைப் பின்னாலிருந்து பார்த்தவன். மூன்று பேர் கூட இருக்கிற ரூமில் முகத்தை மறந்தாலும் பிடரியை மறக்க மாட்டான். வந்த புதிதில் சிமெண்ட் மூட்டை தூக்கிக்கொண்டு, லீவு நாளில் தொழிலாளர் கேம்ப் வாசலில் கூட்டாளிகளுக்கு வெட்டி வெட்டியே தொழில் கற்றவன். ஒவ்வொரு தலையாகக் கை காட்டினான்.

"இது நான் வெட்டினது. இதுவும் நான். இது எதிர்க்கடை இர்ஷாத் கை, மேடம், காதுகிட்டப் பாருங்க, அவசரம். இது நான். இதுவும்..."

நடுவில் இருந்த தலைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கேமராவுக்கு மிக அருகே இருந்த தலை அது. மற்றதெல்லாம் தாம்பாளம் அளவென்றால் அது லாரி ஸ்டியரிங் அளவு. உச்சியில் இரட்டைச் சுழி. பிடரியில், இடது பக்கம் ஒரு மட்டம், வலது பக்கம் அதற்கு இரண்டு விரல் மேலே இன்னொரு மட்டம். நட்டநடுவில் ஒரு படி. ஏறி உட்காரலாம் போல அவ்வளவு தெளிவான படி.

அது ராமையாவின் தலை.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. பரமக்குடிப் பக்கத்து ராமையா, டைல்ஸ் கம்பெனியில் சூளைப் பிரிவு, பாண்டித்துரைக்கு உயிர்க்கூட்டாளி. ஊருக்குப் பெண் பார்க்கப் போகிறான். மதிய டூட்டி முடிந்ததும் நேரே ஏர்போர்ட். டூட்டிக்கு முன்னால் முடி வெட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தான். பிடரியில் பாதி போயிருக்கும்போது மெஷினில் சார்ஜ் இறங்கியது. மீதியைக் கத்தரியில் முடிக்கப் பார்த்தால், எதிரே பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. ராமையா துணியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். எந்த வாடிக்கைக்காரனுக்கும் வேலை முடிந்ததும் பின்னால் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டுவது பாண்டித்துரையின் வழக்கம். அன்றைக்குக் காட்டவில்லை. படி விழுந்தது தெரிந்தேதான் காட்டவில்லை. பதினைந்து நாளில் வளர்ந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்தப் பஸ்ஸின் கடைசி சீட்டில் அன்றைக்கு இன்ஜினியர் மனைவி கேமராவோடு உட்கார்ந்திருந்தது யாருக்குத் தெரியும்?

ராமையா ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். நேரே சலூனுக்கு வந்து பத்துப் பேர் முன்னால் சொன்னான். பெண் வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தானாம். அந்த ஒரு நிமிஷத்தில் மொத்தக் குடும்பமும் பிடரியைப் பார்த்துவிட்டதாம். தலையை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான் என்று கேட்டுவிட்டார்களாம்.

"உன்னால ஒரு பொண்ணு போச்சு," என்றான். தெருவைக் கடந்து போய் இர்ஷாத் கடை நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பாண்டித்துரைக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடி ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருவான். மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள் எதிரெதிரே வந்தால் "நல்லா இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த 'கீங்களா' பாண்டித்துரையின் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். பெண் பாவம் சும்மா விடுமா என்று சில நாள் சாப்பாடு இறங்காது. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்பார்கள். இவனுக்கு ஒன்றுகூடக் கிடைக்காமல் செய்துவிட்டோமே என்று இருக்கும்.

"மேடம், இந்த ஒரு தலையை மட்டும் சரி பண்ணிடுறேன்," என்றான் பாண்டித்துரை.

"ஐயோ, அதைத் தொடாதீங்கண்ணா. இந்தப் படத்தையே அதுக்காகத்தான் செஞ்சேன். வேலைக்குப் போற அவசரம் மொத்தமும் அந்தப் படியில இருக்கு. ஓரம் மட்டும் மட்டம் பண்ணுங்க, போதும்."

அந்த அவசரத்தை உண்டாக்கியவன் நான்தான் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

நாலு மதியங்களில் பத்துத் தலைகள் முடிந்தன. ஐந்தாம் நாள் மிச்சம் இருந்தது நடுத்தலையின் ஓரம் மட்டும்தான். மஹதி சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னாள். இன்னும் மூன்று நாளில் கடற்கரைப் பக்கத்துப் பழைய வீட்டில் கண்காட்சி திறக்கிறது. கம்பெனி பஸ்ஸிலேயே பதினோரு பேரையும் அழைத்து வருகிறார்கள். சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனாள்.

பாண்டித்துரை மெஷினோடு நடுத்தலை முன்னால் நின்றான். ராமையா வருவான். அவன் கண்ணாலேயே பார்த்திராத அவன் பிடரியைச் சுவரளவுக்குப் பார்ப்பான். கேம்ப் முழுக்கப் பார்க்கும். எதிர்க்கடை இர்ஷாத் பார்ப்பான். பதினான்கு வருஷம் சம்பாதித்த பேர் அந்த இரண்டு விரல் இடைவெளியில் விழுந்து மண்டை உடையும்.

இடது பக்கத்தை ஒரு நூல் அளவு ஏற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது? ஏற்றினான். இப்போது படி கொஞ்சம் குறைந்தது, ஆனால் கோணலாகிவிட்டது. கோணலை எடுத்தான். வலது பக்கம் தூக்கித் தெரிந்தது. அதை இறக்க முடியாது, இடதைத்தான் இன்னும் ஏற்ற வேண்டும். ஏற்றினான். அது மேலே போய்விட்டது. கிருதா வெட்டுகிற எவனுக்கும் தெரிந்த கிரகசாரம்தான் இது. உயிருள்ள தலையென்றால் ஆள் கத்துவான், அங்கே நிறுத்திவிடலாம். இந்தத் தலை கத்தவில்லை. டீ கொதித்து வருவதற்குள் வெள்ளைத் துணி பல்லிளித்தது.

மஹதி டீயோடு வந்தாள். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"என்னண்ணா இது?"

"வழுக்கை மேடம்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் வந்து அந்த வெள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வருஷ உழைப்பு. பாண்டித்துரைக்கு அழுகை வந்துவிட்டது. ராமையா, பெண் பார்த்தது, காட்டாத கண்ணாடி, எல்லாவற்றையும் கொட்டினான். "தலைமுடின்னா வளந்துரும் மேடம். அந்தத் தைரியத்துலதான் இவ்வளவு நாள் தொழில் பண்ணிட்டேன். நூல் வளராதுன்னு கைக்குத் தெரியல."

மஹதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடரிப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்தாள். புதுத் துணியில் அதே அளவுக்கு நூல் சுட்டு, பசை காயவைத்து மறுநாள் அவன் முன்னால் வைத்தாள்.

"அந்தப் படியை நீங்கதான் போட்டீங்க. நீங்களே திரும்பப் போட்டுக் குடுங்க. ஒட்டுப் போட்டுக்கலாம்."

இதென்ன பிரமாதம் என்று மெஷினை எடுத்தான். பக்கத்தில் ஃபோட்டோவை வைத்துக்கொண்டே வெட்டினான். கண் ஃபோட்டோவில் இருந்தது, கை தன் பாட்டுக்குப் போய் அழகாக மட்டமாக வெட்டிவிட்டது. மஹதி இன்னொரு துண்டு கொடுத்தாள். அதுவும் மட்டம். மூன்றாவது துண்டில் படி விழுந்தது, ஆனால் கொத்தனார் கட்டிய படி மாதிரி நேராக இருந்தது. மூன்று துண்டுகளும் பார்க்க லட்சணமாக இருந்தன. மூன்றும் குப்பைக்குப் போயின.

"தப்பைப் பார்த்துச் செய்ய வரல மேடம்," என்றான் பரிதாபமாக. "அவன் பிடரியில முடி இடப்பக்கமா சாயும். அதுக்குத் தக்கன போனாத்தான் அந்தக் கோணம் வரும். அந்தத் தலை வேணும்."

"அப்போ போய்க் கூட்டிட்டு வாங்க. நாளன்னிக்குத் திறப்பு."

கேம்ப் வாசலில் ராமையா சட்டை துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். பாண்டித்துரையைப் பார்த்ததும், "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"உங்க தலை வேணும்," என்றான் பாண்டித்துரை. அப்புறம் விஷயத்தைச் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. கண்ணாடி காட்டாததையும் சேர்த்துச் சொன்னான்.

ராமையா ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு யோசித்தான். "என் தலை எவ்வளவு பெருசுல இருக்கு?"

"லாரி ஸ்டியரிங் அளவு."

"மத்தவங்களுது?"

"தாம்பாளம்."

ராமையாவின் முகத்தில் ஒரு திருப்தி வந்து போனது. "படி தெரியுதா?"

"அதுதான் முதல்ல தெரிஞ்சது. இப்பத்தான் அதைக் காணோம்."

ராமையா உள்ளே போய் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான்.

மஹதி வீட்டு ஹாலில் ஒரு நாற்காலியில் ராமையா, பக்கத்தில் ஸ்டூலில் நூல் பிடரி. மஹதி ஃபோட்டோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பாண்டித்துரை ராமையாவின் பிடரியில் கை வைத்தான். ஒன்றரை வருஷம் கழித்துத் தொடுகிறான். இர்ஷாத் மோசமில்லாமல்தான் வெட்டியிருக்கிறான் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டான். மெஷினில் ஒரு இழுப்பு, கத்தரியில் ஒரு வெட்டு. திரும்பி நூலில் அதே இழுப்பு, அதே வெட்டு. தலைக்கும் நூலுக்குமாக மாறிமாறிப் போனான். மஹதி வேறு கலர் நூல் எடுக்க உள்ளே போனபோது, ராமையா சுவரைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தான். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எதையும் சொல்லிவிடுவான்.

"பொண்ணு வீட்டுல முடியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, பாண்டி."

கத்தரி நின்றது.

"முப்பத்தேழு வயசு. சூளையில வேலை. வருசத்துல ஒரு மாசம் ஊரு. இதைத்தான் சொன்னாங்க. தப்பாச் சொல்லல, நல்லபடியாத்தான் சொன்னாங்க. காப்பி குடுத்து அனுப்புனாங்க. எட்டுப் பேரு இருக்கற ரூம்ல வந்து அதைச் சொல்ல முடியுமா? முடியைச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சிட்டா அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க."

பாண்டித்துரைக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒன்றரை வருஷம் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறான், இல்லாத பெண் பாவத்துக்கு. கையில் கத்தரி இருந்ததால் கோபத்தை நிறுத்திவைத்தான். நிறுத்திவைத்துப் பார்த்தால் அதற்கு அடியில் கோபமே இல்லை. எட்டுக் கட்டில் போட்ட ரூமில் ஒருத்தன் மட்டும் காப்பி குடித்த கதையைச் சொல்லாமல் படுத்திருப்பதுதான் தெரிந்தது. இரண்டு விரல் மேலே ஒரு வெட்டு விட்டான். அதே அவசரம், அதே கோணம். திரும்பி நூலிலும் விட்டான். வந்துவிட்டது. அச்சு அசல் அந்தப் படி.

மஹதி வந்து பார்த்து, ஃபோட்டோவைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திறப்பு விழா அன்று சாயங்காலம் பஸ் வந்தது. பதினோரு பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கினார்கள். சுவரில் அவரவர் தலையை அவரவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எவன் தன் பிடரியைப் பார்த்திருக்கிறான்? பாண்டித்துரைதான் ஒவ்வொருத்தனாகக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினான். மஹதி எல்லோரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள். படம் எடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் ராமையாவைத்தான் எடுத்தார்கள். நூலிலும் படி, தலையிலும் படி. ஒரு அரபுப் பெண்மணி ஃபோட்டோவுக்கு அவன் பக்கத்தில் நின்றுவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே போனாள். ஓவியத்துக்குக் கீழே சின்னப் பலகையில் மஹதியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, முடிவெட்டு: பாண்டித்துரை. இர்ஷாத் வந்து குனிந்து அதைப் படித்தான். படியை அண்ணாந்து பார்த்தான். பாண்டித்துரையின் தோளில் தட்டிவிட்டுப் போனான். அனுதாபமா பொறாமையா என்று பாண்டித்துரைக்குப் புரியவில்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் ராமையா அவனை வாசலுக்குக் கூட்டிப் போனான்.

"அடுத்த வாரம் லீவு. ஊருக்குப் போறேன். அக்கா ஒரு இடம் பார்த்திருக்கா, திருப்புவனத்துல."

"அப்படியா. மெஷின் பையிலதான் இருக்கு, சார்ஜும் இருக்கு. இப்பவே அந்தப் படியை எடுத்துர்றேன், உக்காரு."

"வேணாம், இருக்கட்டும்."

"பொண்ணு பாக்கப் போற. இப்படியேவா போவ?"

ராமையா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இந்தத் தடவையும் வேணாம்னு சொல்லிட்டா, ரூமுக்கு வந்து சொல்ல ஒண்ணு வேணும்ல?"

காவலாளி உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியைப் பாண்டித்துரை இழுத்துப் போட்டான். ராமையாவின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தான். பையிலிருந்து துணியை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டினான்.

"சொல்றதுக்கு என் பேரு இருக்குல்ல மாப்ள. அதுக்கு எதுக்கு உன் தலை? நல்லா வெட்டி அனுப்புறேன். அவங்க வேணாம்னு சொன்னா, நேரா சலூனுக்கு வா. பத்துப் பேரு இருக்கும்போது வந்து, பாண்டி கெடுத்துட்டான்னு சொல்லு. நான் ஆமாங்கறேன்."

மெஷின் ஓடியது. ராமையா தலையைக் குனிந்துகொண்டான். பாண்டித்துரை அவசரப்படவே இல்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது, இரண்டு தடவை அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். படியைக் கரைத்து, பிடரியை வழவழவென்று இறக்கி, ஓரத்தைக் கத்தியால் கீறி, பவுடர் போட்டான். பிறகு பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துப் பின்னால் பிடித்தான். முன்னால் பிடிக்கக் கண்ணாடி இல்லாததால் ராமையா ஃபோனைத் தூக்கி அதில் பார்த்தான். கொஞ்சம் இப்படிச் சாய்த்து, கொஞ்சம் அப்படிச் சாய்த்து, வெகுநேரம் பார்த்தான்.

"இவ்வளவு நல்லா இருந்தா நீ கெடுத்தேன்னு எவன் மாப்ள நம்புவான்?"

"நம்புவாங்க," என்று பாண்டித்துரை துணியை உதறினான். "அத்தாட்சி உள்ள சுவத்துல தொங்குது. கீழ என் பேரும் போட்டிருக்கு."